“ஸ்டியரிங்ல மட்டும் ஒட்டு வேலை கிடையாது!” - மன்னார்குடி லேத் பட்டறையும் எங்கள் வீட்டு அம்பாசிடரும்

திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். ஆனால், தேரைத் திருப்புவது அவர்கள் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று முட்டுக்கட்டை போடும் சிலர்தான். 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படும் அந்தத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. கட்டையை எந்தக் கோணத்தில், எந்த நொடியில் செருகுகிறார்கள் என்பதுதான் கணக்கு. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு இல்லை.

ஏறி இறங்கும் சக்கரத்தில் அந்தக் கட்டைகள் நசுங்கும், பிளக்கும். பிளந்த கட்டையை ஆணி அடித்து ஒட்டவைத்து மறுபடி போடலாமே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், கார் என்று வந்துவிட்டால் நாம் அதைத்தான் கேட்கிறோம். எங்கள் வீட்டிலும் கேட்டோம். ‘முடியாது’ என்று ஒருவர் சொன்னார். இந்தக் கட்டுரை அவருடைய அந்த ‘முடியாது’ பற்றியது.

பிரேக் போனால்கூட பரவாயில்லை!

மன்னார்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1987 மாடல் அம்பாசிடர். மார்க் 4. நெல் வியாபாரத்தில் நல்ல வருஷம் ஒன்று வாய்த்தபோது தாத்தா வாங்கியது. அத்தைகள் இரண்டு பேரும் அதில்தான் புகுந்த வீடு போனார்கள். நான் பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். தாத்தா போன பிறகு அப்பாவுக்கு அது கார் இல்லை, தாத்தாவின் மிச்சம்.

அம்மாவுக்கு மட்டும் அதன்மேல் எப்போதும் ஒரு பயம். “பழசுன்னா எனக்கும் ஆசைதான்டி. ஆனா, உங்கப்பா ராத்திரி வண்டிய எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற சத்தம் கேக்குறவரைக்கும் நான் படுக்கிறதில்ல” என்பார். காரணம், எங்கள் ஊர்ச் சாலைகள். டெல்டாவில் கிராமத்துச் சாலை என்றால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தார். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால், வாய்க்காலும் சாலையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். எதிரே அறுவடை மெஷின் வந்தால் சக்கரத்தைப் புல்லில் இறக்கித்தான் வழி விட வேண்டும்.

இந்தச் சாலையில் இன்ஜின் நின்றால் ஓரம் கட்டலாம். பிரேக் போனால்கூட கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்திவிடலாம். ஸ்டியரிங் கைவிட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை. கையில் சக்கரம் சுற்றும். கார் தன் இஷ்டத்துக்குப் போகும்.

பொங்கல் லீவில் நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பும்போது அப்பா சொன்னார், “ஸ்டியரிங்கைத் திருப்புனா வண்டி கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் திரும்புது.” முன் சக்கரத்தில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தமும் இருந்தது. பின் ஸீட்டில் அம்மா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “நாளைக்கு லேத்துக்குக் கொண்டுபோங்க. அவர் ஓட்டலாம்னா ஓட்டுங்க. இல்லைன்னா வித்துடுவோம்” என்றார்.

நெல் அறுக்கும் ஊரில் கார் வைத்தியம்

அவர் என்று அம்மா சொன்னது எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரரை. எழுபதை நெருங்குகிறார். அப்பா அவரை ‘அண்ணே’ என்பார், எனக்குப் பெரியப்பா. “பேரெல்லாம் போடாத பாப்பா, வேலைய எழுது” என்று சொல்லிவிட்டதால் பெயர் இல்லை.

தை மாதத்தில் டெல்டாவின் லேத் பட்டறைகளுக்குத் தூக்கம் கிடையாது. சம்பா அறுவடை நேரம். அறுவடை மெஷினின் ஷாஃப்ட், ரோட்டவேட்டர் பேரிங் உட்காரும் இடம், போர்செட் மோட்டார், ரைஸ்மில் உருளை என வாசலில் வரிசை நிற்கும். பஞ்சாபின் பட்டாலாவில் செய்த பழைய லேத் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ், கிரீஸ் படிந்த முருகன் காலண்டர். அவ்வளவுதான் பட்டறை. அந்த நெரிசலிலும் எங்கள் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 3 மணி, 9 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ‘டக்’ என்றது. அடுத்து, 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினார். சத்தம் இல்லை. “மேல கீழ ஆடுனா சக்கர பேரிங்கு, இல்லாட்டி சக்கரம் திரும்புற பின். பக்கவாட்டுல ஆடுனா டைராடு. உங்களுக்கு டைராடுதான்” என்றார்.

அம்பாசிடரின் ஸ்டியரிங் ‘ரேக் அண்ட் பினியன்’ வகை. ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது பல் வெட்டிய நீளமான கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு டைராடு கிளம்பி, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கையைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் இடத்தில் ஒரு பால் ஜாயின்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரிதான். கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. கார் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அந்தக் குண்டு சுழன்று கொடுக்கும். அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் எங்கள் ஊர்ச் சேறு உள்ளே போகும். சேறும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. குண்டு தேயும், கிண்ணம் அகலும். கடைசியில் ஒருநாள் குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிடும்.

டைராடைக் கழற்றிக் கையில் எடுத்தவர், வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“தம்பி, இத யாரு வெல்டு வச்சது?”

இரண்டு வருஷத்துக்கு முன்பு வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் இதே சத்தத்துக்காகக் காரை விட்டிருந்தோம். “புதுசு மாத்திட்டோம்னு காசு வாங்கினாங்கண்ணே” என்றார் அப்பா. மாற்றவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு வாஷரை வைத்து, சுற்றி வெல்டு அடித்து, மேலே கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள். குண்டு இறுகியது, சத்தம் நின்றது. இரண்டு வருஷம் அதை வைத்துத்தான் குடும்பமே பயணம் செய்திருக்கிறோம்.

பெரியப்பா அதை மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டார். எடுத்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸை உடைத்துப் பொடி தூவினார். சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. வெள்ளைப் பொடியில், வெல்டு ஓரமாகத் தலைமுடி அளவுக்கு ஈரக்கோடு ஒன்று எழுந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே வந்து பொடியை நனைத்த கோடு அது. பெரிய ஆலைகளில் சாய திரவமும் காந்தத் துகள்களும் வைத்து இதையே செய்கிறார்கள். இங்கே சாக்பீஸ்.

ஒரு நாளைக்கு மட்டும்...

இங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது. மாசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் அந்த அம்பாசிடரில்தான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். புது டைராடு கிடைக்க எத்தனை நாளாகும் என்று தெரியாது. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணே, நீங்க வச்சா நல்லா வப்பீங்க. கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் தாங்குற மாதிரி...”

“ஒரு நாளைக்கு மட்டும் உடைய மாட்டேன்னு இரும்பு சத்தியம் பண்ணுமா தம்பி?”

அப்பா விடவில்லை. பட்டறையில் டிராக்டருக்கு, கலப்பைக்கு, அறுவடை மெஷினுக்கெல்லாம் வெல்டு வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்? அதைச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கோபம் வரவில்லை. “கலப்பை உடைஞ்சா கலப்பை நிக்கும். இது உடைஞ்சா வண்டி நிக்காதே! பம்பர் கொண்டா, மட்காடு கொண்டா, சைலன்ஸர் கொண்டா, ஒட்டித் தர்றேன். ஸ்டியரிங்ல மட்டும் ஒட்டு வேலை கிடையாது” என்றார்.

டைராடு, ஸ்டியரிங் கை போன்றவை வார்ப்பில் ஊற்றியவை அல்ல. பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சுக்குள் வைத்துப் பெரிய சம்மட்டியால் அடித்து உருவாக்குபவை. அடிக்கும்போது இரும்பின் உள்ளோட்டம் மரத்தின் ரேகை மாதிரி பாகத்தின் வளைவோடு சேர்ந்து வளையும். அதனால்தான் லட்சக்கணக்கான குலுக்கல்களைத் தாங்குகிறது. அதன் பிறகு பக்குவமாகச் சூடாக்கி, ஆற்றி, உறுதி ஏற்றுவார்கள். வெல்டு வைத்தால் அந்த இடத்தில் மட்டும் பக்குவம் கெடும். சில இடம் கண்ணாடி மாதிரி உடையும் தன்மைக்குப் போகும், சில இடம் இளகிவிடும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. “சூடாகி ஆறுனா அது வேற இரும்பு பாப்பா. பழைய இரும்புன்னு நெனச்சு நம்பக் கூடாது” என்பது அவர் பாஷை.

டைராடுகள் இரண்டையும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார். முன்பக்கம் கட்டையின் மேல் நிற்க, கார் பட்டறையிலேயே தங்கியது. அத்தை மகள் வாடகை இன்னோவாவில் மண்டபத்துக்குப் போனாள். அப்பா ஊர்வலத்தில் கடைசி ஆளாக நடந்தார். அதன் பிறகு பத்து நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அம்மா மட்டும் ஒரு தூக்குவாளியில் கல்யாண லட்டும் முறுக்கும் போட்டு, அவருக்குக் கொடுத்துவிட்டார்.

பெயருக்கு 80 கோடி... டைராடுக்கு?

புது டைராடு கிடைப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடியொற்றி, 1950-களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடரைத் தயாரிக்க ஆரம்பித்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017-ல் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு அவ்வளவு விலை. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு ஆலையிலிருந்து பாகம் வருவது நின்றுவிட்டது.

ஸ்டியரிங் செய்யும் ஆட்களுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமே இல்லை. 1929-ல் சென்னையில் தொடங்கிய ராணே குழுமம் இன்று ஸ்டியரிங் பாகங்களில் பெரிய பெயர். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு டைராடு முனை செய்ய வேண்டுமென்றால் முதலில் அதற்கான அச்சு வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் அச்சின் செலவு கட்டுப்படியாகும். ஐம்பது பேருக்காக யாரும் அச்சு வெட்ட மாட்டார்கள். மிச்சமிருப்பது மூன்று வழி. பழைய ஸ்டாக், சிறு பட்டறைகளின் நகல், இல்லாவிட்டால் பழைய காரிலிருந்து கழற்றியது.

மூன்றையும் தேட எனக்குத் தெரிந்த இடம் சென்னை புதுப்பேட்டை. லீவு முடிந்து கிளம்பும்போதே பெரியப்பா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: மரையின் அளவு, இடது மரையா வலது மரையா, ஸ்டியரிங் கையில் நுழையும் கூம்புத் தண்டின் மேல் அகலம், கீழ் அகலம். எல்லாம் இன்ச் கணக்கு. “கழட்டுனது வேணாம். வெல்டு வச்சது இன்னொருத்தர் கைக்கு வந்து நமக்கே வரும்” என்பது கூடுதல் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டையில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். “அம்பாசிடரா... இன்னுமா வச்சிருக்கீங்க?” என்று கேட்காத கடை இல்லை. கடைசியில் இரண்டு கிடைத்தன. பளபளவென்று பெயின்ட், பிளாஸ்டிக் உறை. பஸ் பார்சலில் ஊருக்கு அனுப்பினேன்.

மறுநாள் வீடியோ காலில் சோதனை. ஸ்டியரிங் கையில் இருக்கும் கூம்பு வடிவ ஓட்டையில் டைராடின் கூம்புத் தண்டு முழுதாக ஒட்டி உட்கார வேண்டும். தண்டில் நீல நிறப் பசையை மெல்லிசாகத் தடவி, ஓட்டையில் நுழைத்து, ஒரு திருகு திருகி எடுத்தார். ஒன்றில் நீலம் முழுக்கப் பரவலாக ஒட்டியிருந்தது. இன்னொன்றில் மேல் ஓரத்தில் வளையல் மாதிரி ஒரு வட்டம் மட்டும். “பாத்தியா, இது மேல மட்டும்தான் புடிக்குது. கீழ வெறும் காத்து. நட்டை எவ்வளவு முறுக்குனாலும் உள்ள ஆடும். ஆடுனா கழுத்துல முறியும்” என்றார். லேத்தில் அந்தக் கூம்பைக் கடைந்து சரி செய்யலாமே என்றேன். “கடைஞ்சா மேல் தோலோட உறுதி போயிடும். கடையற கைக்கு எங்க கடையக் கூடாதுன்னும் தெரியணும்ல?” என்று சிரித்தார்.

அந்த ஒன்று கடைக்கே திரும்பியது. அதன் ஜோடிக்காக, தெரிந்த வியாபாரி ஒருவர் மூலம் கொல்கத்தாவின் மல்லிக் பஜார் வரை ஆள் விட்டோம். பழைய கார் உதிரி பாகங்களுக்குப் பேர் போன இடம். பன்னிரண்டு நாள் கழித்து மங்கிப்போன அட்டைப்பெட்டியில் பழைய ஸ்டாக் டைராடு ஒன்று வந்தது. நீலப் பசைப் பரீட்சையில் அது பாஸ். ரப்பர் மட்டும் காய்ந்திருந்ததால் புது ரப்பர் போட்டார்.

ஒரு புஷ்ஷுக்கு மூன்று மணி நேரம்

டைராடு வந்தாலும் வேலை முடியவில்லை. ரேக் கம்பி ஓடும் குழாயின் ஓரத்தில் இருக்கும் புஷ்ஷும் தேய்ந்திருந்தது. “இது நான் செய்யலாம்” என்றார். அந்தச் சனிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

கன்மெட்டல் உருளை ஒன்றை லேத்தின் சக்கில் மாட்டினார். முதலில் வெளிப்பக்கம், பிறகு உள் ஓட்டை. மஞ்சள் சுருள் சுருளாக உலோகம் உரிந்து விழுந்தது. பாதிக்கு மேல் வேகமாகப் போன கை, கடைசியில் ஆமையாக மாறியது. ஒரு உரி, ஒரு நிறுத்தம், மைக்ரோமீட்டரில் ஓர் அளவு. கம்பிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இன்ச்சில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளிதான் அவர் கணக்கு. அதைவிடக் குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும், கூடினால் ஆடும். உள்ளே கிரீஸ் நிற்க சுருள் வடிவில் மெல்லிய பள்ளம் ஒன்றும் வெட்டினார். கடைசியில் ரேக் கம்பியை உள்ளே விட்டு, ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு புஷ்ஷுக்கு மூன்று மணி நேரம். வெளியே இரண்டு டிராக்டர்காரர்கள் காத்திருந்தார்கள்.

“கன்மெட்டல் ஏன் பெரியப்பா, இரும்புலயே செஞ்சா இன்னும் கெட்டியா இருக்குமே?” என்றேன்.

“புஷ்ஷு தேயணும் பாப்பா. கம்பி தேயக் கூடாது. புஷ்ஷு நான் இன்னொண்ணு கடைஞ்சுடுவேன். பல்லு வெட்டுன கம்பிக்கு எங்க போறது?”

அவர் செய்யும் பாகங்களுக்கும் செய்யாத பாகங்களுக்கும் நடுவில் உள்ள கோடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. தேய்ந்தால் ஆட்டமாக முன்கூட்டியே சொல்லிவிடும் பாகங்களை அவர் செய்வார்: புஷ், ஸ்பேஸர், மூடி. சொல்லாமல் ஒரே நொடியில் உடையும் பாகங்களைத் தொடமாட்டார்: பால் ஜாயின்ட், டைராடு, ஸ்டியரிங் கை.

உலகமெங்கும் இதே கவலை

அம்பாசிடர்காரர்கள் மட்டும் இப்படித் திண்டாடவில்லை. சென்னை வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. முட்டுச்சந்தில்கூட சுழற்றி எடுக்கலாம். ஆனால், அதன் முன் சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே மரை வெட்டிய வெண்கலக் கட்டை ஒன்று இருக்கும். அதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடைத்துவிட்டால் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. காலப்போக்கில் உள்ளே துருவேறி, மரை முறிந்து, சக்கரம் மடங்கிக்கொள்ளும். அதனால் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் வண்டி வாங்கியதும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், ‘கிரீஸ் இல்லை, ஆயில்’ என்பதுதான்.

இலங்கையில் இன்னொரு கதை. அங்கே மோரிஸ் மைனர் கார்கள் வெகுகாலம் அன்றாட வண்டிகளாக ஓடின. ஓட்டிக்கொண்டே இருந்ததால் பாகம் செய்யும் கைகளும் அங்கே இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மோரிஸ் மைனர் பழுதுபார்க்கும் மையம் நடத்திய சார்லஸ் வேர் என்பவர், இலங்கைத் தொழிலதிபர் ஒருவருடன் சேர்ந்து அங்கே உதிரி பாகத் தொழிற்கூடம் ஆரம்பித்தார். கார் பிறந்த நாட்டுக்கே இலங்கையிலிருந்து பாகம் போனது!

பணம் உள்ள இடத்தில் வழியே வேறு. 2018-ல் போர்ஷே நிறுவனம், தன் அபூர்வமான 959 மாடலுக்கு கிளட்ச் நெம்புகோலை உலோகப் பொடியிலிருந்து 3டி பிரின்ட் செய்தது. அந்தச் சிறு பாகத்தை ஏறத்தாழ 3 டன் அழுத்தத்தில் வைத்துப் பார்த்து, உள்ளே குறை இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்த பிறகே காரில் மாட்டினார்கள். படித்தபோது எனக்கு சாக்பீஸ் பொடிதான் ஞாபகம் வந்தது. வசதி வேறு, செய்யும் வேலை ஒன்றுதான்: மாட்டுவதற்கு முன்னால் சந்தேகப்படுவது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருக்கிறதா?

அப்படியென்றால் பெரியப்பாவிடம் நான் குறித்துக்கொண்டவை உங்களுக்கும் உதவும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெக்கானிக்கை வைத்து முன் சக்கரங்களைத் தூக்கி, மேலே சொன்ன கடிகாரச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் டைராடு ரப்பர்கள் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் விலை கொஞ்சம்தான். கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால்தான் செலவு. டைராடின் பள்ளம் வெட்டிய நட்டைப் பூட்டும் காட்டர் பின்னை ஒருமுறை கழற்றினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். புதுப் பாகம் மாட்டியதாக யாராவது சொன்னால், பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் இன்று இதுதான் சட்டம்.

அரசின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டியரிங்குக்கானது. ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது; பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும்; போல்ட்டும் பின்னும் சரியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதியும் முறை 2021-ல் வந்துவிட்டது. எங்கள் கார் அந்த வயசைத் தொட 2037 ஆக வேண்டும்.

அதுவரை அதைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. பெரியப்பாவின் மகன் திருப்பூரில் வேறு வேலையில் இருக்கிறார். பட்டறையில் உதவிக்கு இருக்கும் பையன் வெல்டிங்கில் கெட்டிக்காரன், லேத்தும் கற்றுக்கொள்கிறான். “கடையறதை ரெண்டு வருஷத்துல புடிச்சிருவான். கஸ்டமர் கெஞ்சும்போது முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் நாளாகும்” என்றார். அப்பா கெஞ்சியபோது அந்தப் பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அன்று அவனும் ஒரு பாடம் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

பங்குனியில் எல்லாம் மாட்டி முடிந்தது. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூல் பிடித்து நேர் பார்த்தார். “இது ஓட்டிட்டுப் போற அளவுக்குத்தான். தஞ்சாவூர் போய் மெஷின்ல அலைன்மென்ட் பாத்துடு தம்பி” என்றார். முதல் ஓட்டம் வாய்க்கால் சாலையில் இல்லை. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த திடலில். அவரே ஓட்டினார், அப்பா பக்கத்தில். எட்டு போட்டுவிட்டு வந்து நிறுத்தியதும் சாவியை அப்பா கையில் கொடுத்தார். பத்து நாள் கோபத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பின் ஸீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும் நேரத்தில் பெரியப்பா பழைய டைராடு முனைகள் இரண்டையும் வைஸில் இறுக்கி, ஆக்ஸா பிளேடால் அறுக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, அப்படியே போட்டா இரும்புக் கடையில எடுத்துக்குவானே. எதுக்கு மெனக்கெடறீங்க?” என்றார் அப்பா.

“எடுத்துக்குவான். பெயின்ட் அடிச்சு வேற யாருக்காவது வித்துருவான்.”

ஒவ்வொன்றும் இரண்டாக விழுந்தது. நான்கு துண்டுகளையும் தகர டப்பாவில் போட்டுவிட்டு, காத்திருந்த டிராக்டர்காரரின் ரோட்டவேட்டர் ஷாஃப்ட்டை எடுத்து லேத்தில் மாட்டினார்.